ஆள் ‘அ’வின் எட்டு தோசைகள்

மனித மனத்தைத் தபாலில் படித்தவள் நான். எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துகொண்டே, தபால்வழியில் உளவியல் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். மாதம் ஒருமுறை பழுப்பு உறையில் பாடங்கள் வரும். ஒரு பாடம் படித்து முடித்த கையோடு, கடைவீதியில் எதிரே வருகிற எல்லோருடைய மனமும் எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். அந்த வயதில் எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் கணவர், அதாவது மாமா, மாதா கோயில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, கோயிலில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு ஓலை எழுதுவது, சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவது எல்லாம் அவர் வேலை. நல்ல மனிதர். ஆனால் எனக்கு வரும் பாடங்களை எனக்கு முன்னால் அவர் படித்துவிடுவார். நான்காம் பாடத்தின் தலைப்பு ‘உந்துதல்கள்’. பசி, தாகம், தூக்கம் வரைக்கும் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்து வந்த ‘பாலுணர்ச்சி’ என்ற தலைப்பைப் பார்த்ததும், மைதா மாவைக் காய்ச்சி அந்த இரண்டு பக்கங்களையும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டார்.

நான் சும்மா விடுவேனா? மாமா கோயிலுக்குப் போன நேரத்தில் இட்லிப் பானையின் ஆவியில் புத்தகத்தைக் காட்டிப் பிரித்தேன். உள்ளே முழுக்க முழுக்க வெள்ளெலிகளைப் பற்றி எழுதியிருந்தது. கூண்டின் இந்தப் பக்கம் ஆண் எலி, அந்தப் பக்கம் பெண் எலி, நடுவே மின்கம்பி. இதற்கா இவ்வளவு பசை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “இத்தன பெரிய படிப்பு படிச்சு எலிக் கதையத்தான் எழுதியிருக்காங்களா கண்ணு? என்னக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே” என்று சொல்லிவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டாள்.

அந்த வீட்டுக்கு ஞாயிறுதோறும் சாயங்காலம் ஒருவர் வந்துகொண்டிருந்தார். மாரமங்கலம் போகும் வழியில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது ஆள் கணக்கும் எடையும் எழுதுகிறவர். ஆத்தூர் பக்கத்துக்காரர். வேலைக்குப் புதிதாக வந்ததும் எங்கள் பங்குக் கோயில் ஏட்டில் பெயர் பதிவதற்காக மாமாவைப் பார்க்க வந்தார். வந்தவருக்கு அக்கா தோசை போட்டாள். அடுத்த ஞாயிறும் வந்தார். பெயர் பதிவது ஒருநாள் வேலைதான் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

நாலரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். கூடத்தில் மாமாவுக்கு எதிரே உட்காருவார். சமையலறையில் அக்கா தோசை வார்ப்பாள், நான் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைப்பேன். மாமா மூன்றோடு நிறுத்திக்கொள்வார். இவர் ஐந்து, ஆறு, ஏழு என்று போய்க்கொண்டே இருப்பார். சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமா ஜெபம் சொல்லி, அவர் ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்து அவர் கையில் நீட்டுவார். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நீட்டுவார். கல்யாணமாகாத மச்சினிச்சி இருக்கும் வீட்டில் ஒரு வாலிபன் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது மாமாவின் சட்டம். குடையை நீட்டினால் கிளம்பு என்று அர்த்தம்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது ஒரு டீச்சர் சொல்லக்கூடிய மரியாதையான சொல். உண்மையில், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு அவர் தோசையைப் பிய்க்கும்போது அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சட்னிக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். குளித்துவிட்டு வந்தாலும் அவர்மேல் காப்பிப் பழத்தோலின் புளித்த வாடை கொஞ்சம் இருக்கும். அது எனக்கு வாடையாகவே தெரியவில்லை. ஒட்டிய பக்கங்களில் எலிகளுக்குப் பதிலாக இதைப் பற்றி இரண்டு வரி இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

இந்த நிலையில் சேலத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. போட்டோவில் மாப்பிள்ளை புது ஸ்கூட்டரில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஸ்கூட்டர் நன்றாக இருந்தது. “ஈஸ்டருக்குள்ள பதில் சொல்லோணும். உனக்கு இஷ்டமில்லைன்னாலும் சொல்லு சாமி, கட்டாயம் ஒண்ணும் இல்ல” என்றார் மாமா. இஷ்டமில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். எஸ்டேட் ரைட்டர் என்று நான் சொல்லி, அவர் அக்காவின் தோசைக்காகத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டால் என் மானம் என்ன ஆகும்? அவர் என்னிடம் இதுவரை பேசியதெல்லாம் “போதுங்க”, “இன்னொண்ணு வெய்ங்க” இந்த இரண்டுதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு செய்முறைப் பயிற்சி வந்தது. யாராவது ஒருவரை நான்கு முறை உற்றுநோக்கி, அவருடைய நடத்தைக்கு அடிப்படையான உந்துதல் எது என்று ஆதாரத்தோடு எழுத வேண்டும். பெயர் குறிப்பிடக் கூடாது. எனக்கு வானத்திலிருந்து கைகொடுத்தது போல் இருந்தது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டேன்.

முதல் ஞாயிறு எதையும் மாற்றவில்லை. தேங்காய்ச் சட்னி, கறிக்குழம்பு, அக்கா வார்த்த தோசை. ‘ஆள் அ, வயது 27 இருக்கலாம், தோசைகள் ஏழு’ என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவது ஞாயிறு சட்னியும் இல்லை, குழம்பும் இல்லை, வெறும் பொடி. அப்போதும் ஏழு. ருசி போனாலும் ஆள் குறையவில்லை என்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மூன்றாவது ஞாயிறு அக்காவை அடுப்பை விட்டு எழுப்பிவிட்டு நானே வார்த்தேன். என் கையால் சுட்டதை எத்தனை சாப்பிடுகிறார் பார்ப்போம் என்று எண்ணம். அக்கா கொண்டுபோய் வைத்தாள். அவர் இரண்டோடு “போதுங்க” என்று சொல்லி எழுந்துவிட்டார். கை கழுவும் சத்தம் கேட்டபோது நான் மூன்றாவது தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தோசையை நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது.

நான்காவது ஞாயிறு, மாவு பொங்கவில்லை, வீட்டில் ஒன்றும் இல்லை என்று அக்காவைச் சொல்லவைத்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது. “பரவாயில்லீங்க, பழைய சோறு கீது இருந்தாக்கூடப் போதுங்க” என்றார். அதுவும் இல்லை என்றாள் அக்கா. மாமா எழுந்து குடையை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் ஆள் கேட்டைத் தாண்டிவிட்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே உட்கார்ந்து முடிவுரை எழுதினேன். ‘உணவு கிடைக்காதபோது வருகை நீடிப்பதில்லை. சமைப்பவர் மாறினால் உண்ணும் அளவு குறைகிறது. எனவே ஆள் அ இவ்வீட்டுக்கு வரக் காரணம் பசியே. பாலுணர்ச்சி இருப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.’ கடைசி வரியை எழுதும்போது பேனா அழுந்திப் பின்பக்கம் வரை பள்ளம் விழுந்தது.

இதற்குப் பிறகு நான் செய்ததை எந்தப் பாடத்திலும் சேர்க்க முடியாது. அனுப்பக் கடைசித் தேதி நெருங்கியிருந்தது. அவர் திங்கட்கிழமைதோறும் எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்குப் போவார். அடுத்த ஞாயிறு வந்தபோது அந்தத் தாள்களை உறையில் போட்டு ஒட்டி, “சேலம் பெரிய தபாலாபீஸ்ல சேர்த்துடுங்க” என்று அவரிடமே கொடுத்தேன். அவசரம் ஒரு காரணம். ஆனால் தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே சுமந்துகொண்டு போகட்டும் என்ற குரூரமும் எனக்குள் இருந்தது. அதை மறைத்து என்ன பிரயோசனம்? அவர் உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் அவரிடம் கேட்ட முதல் உதவி அதுதான்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. காலைப் பூசைக்கு வந்தார், கடைசி வரிசையில் நின்றார், முடிந்ததும் போய்விட்டார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதமான தவக்காலம் தொடங்கியது. வீட்டில் கறியும் மீனும் நின்றுபோயின. அதனால்தான் வரவில்லை, நான் எழுதியது எவ்வளவு சரி பார்த்தாயா என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா என் தட்டைப் பார்த்தாள். தட்டில் ஒரே ஒரு தோசை, அதிலும் பாதி மிச்சம் இருந்தது.

நான் சாப்பாட்டுப் பிரியை. டைபாய்டு வந்தபோதும் ரசஞ்சோறு கேட்டு அழுதவள். அந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. அள்ளி வாயில் வைத்தால் மெல்லத் தோன்றவில்லை. ரவிக்கைகள் தளர்ந்தன. இதைப் பார்த்து மாமா பூரித்துப் போனார். “பாரு, டீச்சரு எப்படி ஒருவேளச் சோத்தோட ஒருசந்தி இருக்கறா. இந்தப் பங்குல இவளாட்டம் தவக்காலத்த அனுசரிக்கறவங்க யாரு இருக்காங்க?” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஞானோபதேசக் குழந்தைகளுக்கு என்னை உதாரணமாகக் காட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்வதைவிட இந்தப் பெயர் வசதியாக இருந்தது.

ஐந்து வாரம் கழித்து என் தாள்கள் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தன. உறையைப் பிரித்ததும் முதலில் ஆச்சரியமாக இருந்தது. தாள்கள் எல்லாம் நனைந்து காய்ந்து அப்பளம் போல் நெளிந்திருந்தன. ஒரு தாளில் டீ கிளாஸின் வட்டக் கறை இருந்தது. முதல் பக்கத்தில் ‘தோசைகள் ஏழு’ என்று நான் எழுதிய இடத்தில், ஓரத்தில் பென்சிலால் சின்னதாக, ‘எட்டு’ என்று திருத்தியிருந்தது. கோயில் ஏட்டுக்காக அவர் தன் பெயரை எழுதிக்கொடுத்தபோது நான் பார்த்த அதே கட்டைக் குண்டெழுத்து. 

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ‘வயது 27 இருக்கலாம்’ என்பதன் பக்கத்தில் ‘29’. இரண்டாவது ஞாயிறு ஏழு சரி என்று ஒரு டிக். கடைசிப் பக்கத்தில், ‘போதிய ஆதாரம் இல்லை’ என்ற வரிக்குக் கீழே, ‘ஆதாரம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்’ என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே பேராசிரியர் சிவப்பு மையில், ‘இக்குறிப்பு ஆள் அ எழுதியது எனில் இப்பரிசோதனை செல்லாது. எனினும் அவரது கூற்று கவனிக்கத்தக்கது’ என்று எழுதி, நூற்றுக்கு நாற்பது போட்டிருந்தார்.

தாள்களை அக்காவிடம் நீட்டினேன். அவள் கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன். “அழுவாத கண்ணு. மொதல்ல போயி அந்த மனுசங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வா. உங்க மாமாவ நான் பாத்துக்கறன்” என்றாள்.

குருத்து ஞாயிறு பூசைக்கு அவர் வரவில்லை. பூசை முடிந்ததும், கையில் குருத்தோலையோடு அப்படியே மாரமங்கலம் பஸ்ஸில் ஏறினேன். முந்தின நாள் பெய்த மழைக்குக் காப்பி பூத்திருந்தது. வழியெல்லாம் மல்லிகைத் தோட்டம் போல மணத்தது. எனக்கு அதை அனுபவிக்கிற மனநிலை இல்லை. என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். எஸ்டேட் மெஸ்ஸுக்குப் போய் நின்றபோது அத்தனையும் மறந்துவிட்டது.

அவர் செடிக்கு அடிக்கும் மருந்துக் கணக்குப் பார்க்க மேல் காட்டுக்குப் போயிருந்தார். மெஸ் சமையல்காரர்தான் இருந்தார், தலைக்கு மப்ளர் கட்டிய பெரியவர். நான் எந்த வீட்டுப் பெண் என்று கேட்டவர், சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஓ, அந்தத் தோசை ஊடுங்களா அம்மிணி? அப்படி என்னதானுங்க போடுவீங்க அந்த மனுசனுக்கு? ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் கறிச்சோறு ரெண்டு தட்டு போடாம விடமாட்டனுங்க. அதையும் தின்னுட்டு, பொழுதோட உங்க ஊட்டுக்கு வந்துட்டு, வயித்தப் புடிச்சுக்கிட்டுத் திரும்பி வருவாரு. ‘ஓமத் தண்ணி போட்டுக் குடுங்கண்ணா’ம்பாரு. திங்கக்கெழமை காலைல பச்சத் தண்ணிகூட எறங்காது அவருக்கு.”

 பெஞ்சில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். நாற்பது மதிப்பெண்கூட எனக்கு அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் ரைட்டர் வந்தார். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ரேடியேட்டருக்கு ஊற்ற ஜீப்பில் வைத்திருந்த தண்ணீர் கேன் உறையின் மேல் கவிழ்ந்துவிட்டதாகவும், அடிவாரத்தில் டீக்கடை பெஞ்சில் தாள்களைப் பரப்பிக் காயவைத்ததாகவும், பறக்காமல் இருக்க டீ கிளாஸ்களை மேலே வைத்ததாகவும் சொன்னார். “படிக்கோணும்னு படிக்கலீங்க டீச்சர். மொதத் தாள்ல தோசைன்னு இருந்துச்சு. அப்புறம் விட முடியல.”

“என்னை மன்னிச்சிருங்க” என்றேன்.

“சோத்துக்கு அலையறவன்னு எழுதிட்டீங்களே. அதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.”

“பசியில்லாம ஏன் அத்தனை சாப்பிட்டீங்க?”

அவர் மெஸ்காரரைப் பார்த்தார். மெஸ்காரர் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார், கதவுக்கு அந்தப்பக்கமே நின்றுகொண்டார் என்பது பின்னால் தெரிந்தது.

“தட்டு காலியானா உங்க மாமா குடைய எடுத்துருவாருங்க. தட்டுல தோசை இருக்கற வரைக்கும் உட்காந்திருக்கலாம். தோசைக்கு ஒருக்கா நீங்க வெளிய வருவீங்க. அதுக்கு மேல நான் என்ன பண்றதுங்க?”

“நான் வார்த்தன்னைக்கு ரெண்டோட எந்திரிச்சீங்க.”

“அன்னைக்கு உங்கக்கா கொண்டாந்து வெச்சாங்க. மூணாவது எதுக்குத் திங்கறது?”

என் நான்கு ஞாயிறுகளும் என் கண் முன்னால் ஒவ்வொன்றாகத் தலைகீழாகின. அவருடைய நடத்தையில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. தோசையை எண்ணத் தெரிந்த எனக்கு, அதைக் கொண்டுபோய் வைத்தது யார் என்று எழுதத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்னால், ஐந்தாறு வாரமாக எங்கேயோ போயிருந்த பசி வந்தது. வயிறு சத்தம் போட்டது, அவருக்கும் கேட்டது. அவர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மெஸ்காரர் கூப்பிடாமலே வந்து தட்டு வைத்தார். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். நான் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். தவக்காலம் என்பது மூன்றாவது வாயில்தான் நினைவுக்கு வந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. பக்கத்தில் குருத்தோலை கிடந்தது. மறுசோறு வாங்கினேன். எதிரே அவர் ஒரு டம்ளர் தண்ணீரோடு சும்மா உட்கார்ந்திருந்தார். பங்கிலேயே சிறந்த ஒருசந்திக்காரி அன்று சாப்பிட்டதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். மாமாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு சாயங்காலம் அவர் வந்தார். தட்டு வைப்பதற்கு முன்பே, “உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க” என்று மாமாவிடம் தொடங்கிவிட்டார்.  அவர் கேட்டு முடித்ததும் மாமா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். சரி என்றேன். ஸ்கூட்டர் போட்டோவை மாமாவே தபாலில் திருப்பி அனுப்பினார். மூன்று ஞாயிறு கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசிக்கப்பட்டது. அதைத் தன் கையால் எழுதியவரும் மாமாதான்.

கல்யாணமான மறுநாள் காலை, அக்கா வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மாவு ஆட்டி வைத்திருந்தாள். எங்கள் இருவரையும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, அவளே வார்த்து அவளே கொண்டுவந்து போட்டாள். மாப்பிள்ளைக்கு எட்டு என்று கணக்கு வைத்திருந்தாள். அவர் இரண்டு சாப்பிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. “ஏனுங்க, மாவு புளிச்சுப் போச்சுங்களா?”

“இல்லீங்க, நொம்ப நல்லா இருந்துச்சு. எனக்கு எப்பவும் ரெண்டு போதுங்க” என்று சொல்லிவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மாமா பழக்கதோஷத்தில் குடையை எடுத்துக்கொண்டு வந்தவர், அதைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். நான் அப்போது ஆறாவது தோசையில் இருந்தேன்.